காற்று புகுந்த இடம்

கடலுக்குள் முங்கிப் பார்க்கும் கண்ணாடி மாஸ்க் மறுபடியும் கணவனின் முகத்திலிருந்து நழுவி அவன் கையிலேயே விழுந்தது.

"மீசைதான் சார். மூக்குக்குக் கீழ கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா நல்லா ஒட்டிக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

அவன் முறைத்த முறைப்பில் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"மாஸ்க்குக்காக மீசைய எடுப்பாங்களா? வேற இருந்தா காட்டுங்க."

வேறு எல்லாம் காட்டியாயிற்று. மறுநாள் காலை பவளப்பாறைப் பக்கம் படகு போகிறது. அதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் மாஸ்க், மூச்சுக்குழாய், காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு எல்லாம் எடுத்தாக வேண்டும்.

மனைவி குனிந்து மகளின் காலில் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அவன் கண்ணாடி முன் சின்னச் சீப்போடு நின்றால் வீடே காத்திருக்கும். அவள் விரல் தவறி மீசையில் பட்டாலும் தட்டிவிடுவான். மனிதனுக்கு வாக்கப்படவில்லை, ஒரு மீசைக்கு வாக்கப்பட்டிருக்கிறோம் என்று சில நாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

கடையில் இருந்த ஒரே நாற்காலி நாத்தனாருக்கு. கணவனுக்கு அக்கா. இந்தப் பயணமே அவள் ஏற்பாடு; அறை அவள் சொன்னது, படகு அவள் சொன்னது. மாஸ்க்கிலும் நல்லதாகப் பார்த்துத் தன் பையன்கள் இருவருக்கும் முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பையன்கள் துடுப்பை மாட்டிக்கொண்டு கடை முழுக்க வாத்து போலத் தப்தப்பென்று நடந்தார்கள்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்ப்பது சுலபம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. பையன்களுக்கு முதல் தடவையே நின்றது.

மகளுக்கு நிற்கவில்லை.

ஏழு வயதுப் பெண். கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். ஒட்டிய மாஸ்க் 'உஸ்' என்று காற்றை வாங்கிக்கொண்டு விழுந்தது. இடது மூக்கிலிருந்து மேலுதடு வரை அவளுக்கு ஒரு மெல்லிய கோடு உண்டு. உதடு பிளந்து பிறந்தவள். தைத்துச் சேர்த்த தழும்பு. காற்று அந்த வழியாகத்தான் போனது. இன்னும் மெல்லிய ரப்பர் வைத்த சின்ன மாஸ்க் ஒன்றைக் கடைக்காரப் பெண் தேடிக்கொண்டு வந்த பிறகு நின்றது.

நாத்தனார் அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க பக்கம் யாருக்கும் இப்படிக் கிடையாதும்மா" என்றாள், முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரப் பெண்ணிடம்.

அதே வாக்கியம்தான். ஆஸ்பத்திரியில் துணியோடு குழந்தையை வாங்கிப் பார்த்த கையோடு சொன்னாள். கல்யாண வீடுகளில் சொன்னாள். மனைவியின் அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மனைவியும் தன் அம்மாவை உட்கார வைத்துப் பெரியப்பா, சித்தி, அவர்களுக்கும் முந்தியவர்கள் என்று ஒருவர் விடாமல் விசாரித்தாள். யாருக்கும் இல்லை. அப்படியானால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று இருந்துவிட்டாள்.

கணவன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசியதில்லை. அக்கா முன்னால் நாக்கு எழாத தம்பி என்று அவள் அதையும் விட்டுவிட்டாள்.

கடைக்காரப் பெண் ஒரு டப்பாவில் களிம்பு கொண்டுவந்தாள். அதை மீசையில் தடவிப் படிய வைத்தால் சிலருக்குச் சரியாகிவிடுமாம். "மாமாவுக்குப் பயம்" என்று ஒரு பையன் சிரித்தான். கணவன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தானே தடவினான். திரும்பியபோது அவன் யாரோ போல இருந்தான். உடனே மாஸ்க்கை முகத்தில் அப்பிக்கொண்டான்.

அப்போதும் நிற்கவில்லை.

கடைக்காரப் பெண் அவன் முகத்தில் மாஸ்க்கைப் பதித்து இரு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மாஸ்க்கின் ரப்பர் ஓரம் கண்ணாடி போல ஊடே தெரியும் ரகம். அதன் வழியாக உற்றுப் பார்த்தாள்.

"மீசை நல்லாப் படிஞ்சிடுச்சு சார். இது வேற." பிறகு மனைவியைப் பார்த்து வெகு சாதாரணமாகச் சொன்னாள். "பாப்பாவுக்குக் காத்து போச்சே, அதே இடம்."

மனைவி குனிந்து பார்த்தாள்.

களிம்பில் நனைந்த முடி இரு பக்கமும் ஒதுங்கியிருந்தது. நடுவே, இடது மூக்கிலிருந்து உதடு வரை, முடி முளைக்காத ஒரு மெல்லிய கோடு.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சின்ன வயசுல படியில விழுந்துட்டான்" என்றாள் நாத்தனார்.

மகள் துடுப்புக் காலோடு எக்கி நின்று, ரப்பரின் மேலேயே அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அதில் பயமோ ஆச்சரியமோ இல்லை. வெளியூரில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தது போலக் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எத்தன ஆபரேஷன்?"

மனைவி நிமிர்ந்தாள். கணவனை விட்டுவிட்டு நாற்காலியை நோக்கித் திரும்பினாள்.

"அண்ணி, உங்க மருமக கேக்குறா. நீங்கதானே பெரியவங்க, சொல்லுங்க. எத்தன?"

நாத்தனார் மடியிலிருந்த மாஸ்க்கின் பட்டையை இழுத்து இழுத்துச் சரிபார்த்தாள்.

மூக்கு அடைபட்ட குரலில், மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ரெண்டு."

மனைவி அவன் பக்கம் திரும்பவேயில்லை.