மாற்றி மாட்டிய காலுறை

இதயம் பலவீனமான தணிகாசலத்துக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தினமும் காலையில் அவர் மாட்டும் காலுறை, வீக்கத்தை அளந்து மருத்துவமனைக்குச் சொல்லும். வீக்கம் கூடினால் வண்டி வந்து அழைத்துப் போய்விடும். அதே அளவைப் பார்த்துத்தான் வீட்டிலிருக்கும் பேசும் மாத்திரைப் பெட்டி நீர் இறக்கும் மாத்திரையைத் தரும்.

மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கால் வீங்க ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு வீடியோவுலயா பொண்ணைத் தாரை வார்க்கிறது?" என்று புலம்பினார்.

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? கொண்டாங்க" என்று மனைவி மரகதம் காலுறையைத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். "என் கால் உங்க காலைவிட அழகுதான்."

நான்கு நாளும் அவளே மாட்டினாள். வண்டி வரவில்லை. அவர் தன் கையால் தாரை வார்த்தார்.

மறுநாள் அவரால் படுக்கவே முடியவில்லை. "மூச்சு முட்டுதுடி."

மரகதம் அவர் காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நீர் இறக்கும் மாத்திரைக்காக மாத்திரைப் பெட்டியின் பொத்தானைத் தட்டினாள்.

"நான்கு நாட்களாக வீக்கம் இல்லை. மாத்திரை நிறுத்தப்பட்டது. வாழ்த்துகள்!" என்றது பெட்டி.

மருத்துவமனைக்குப் போன் செய்து கதறினாள்.

"காலுறையை மாட்டிவிடுங்கம்மா. அளவு வந்தாத்தான் வண்டி கிளம்பும்."

மாட்டப் பார்த்தாள். அவருடைய பாதம் அதற்குள் நுழையவில்லை.