மழைநாளில் விலைபோன துணி

ஒரு ஜவுளிக்கடை அலமாரியில் இரண்டு பேண்ட் துணிகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று கறுப்பு. மற்றது கருநீலம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும்.

எபினேசர் என்ற இளம் வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் வழக்குக்குக் கறுப்பு பேண்ட் தைக்க வேண்டும். நீலத்தின் வழவழப்பு அவருக்குப் பிடித்துப்போனது.

"வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். மாட்டிக்குவே" என்றது கறுப்பு.

"வெளியே மழை, அண்ணே" என்றது நீலம். பல மாதமாக அதை யாரும் வாங்கவில்லை.

எபினேசர் நீலத்தை வாசலுக்குக் கொண்டுபோனார். அங்கே மழையில் இருட்டிக் கிடந்தது. "கறுப்புதானே?" என்று கேட்டார். கடைக்காரர் தலையாட்டினார். நீலம் மூச்சுவிடவில்லை.

வழக்கு நாளில் நல்ல வெயில். எபினேசர் ஜன்னலோரம் எழுந்து நின்றதும், "தம்பி கல்யாண வீட்டுக்குப் போற வழியில வந்துட்டார் போல" என்றார் ஒரு மூத்த வக்கீல். சிரிப்பு பரவியது. எபினேசர் குனிந்து பார்த்தார். வெயிலில் பேண்ட் நீலமாகத் தெரிந்தது. பேச வந்த முதல் வரி மறந்துபோனது.

"நீ கறுப்பு இல்லையா?" என்று கோட்டு மெதுவாகக் கேட்டது.

"என்னை யாரும் கேட்கலையே."

"உன்னைக் கையில வச்சுக்கிட்டுத்தானே கேட்டார்? நானும் பக்கத்துல இருந்தேன்."

எபினேசர் கேஸ் கட்டைத் தொடைக்கு முன்னால் இறக்கிப் பிடித்தார். அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் மறுபடி கறுப்பாகத் தெரிந்தது. நீலம் அதற்குள் சுருங்கிக்கொள்ளப் பார்த்தது. இஸ்திரி மடிப்பு விடவில்லை.