முதல் கட்டத்தில் ஒரு சுழி

இப்போதெல்லாம் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளைத் திருடனைத் தடவுவது போலத் தடவி அனுப்புகிறார்கள் என்று முனகியபடி தேர்வு மையத்து வாசலில் நின்றார் சுடலைமுத்து. பேத்தி செவ்வந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பேப்பரே இல்ல தாத்தா, எல்லாம் கம்ப்யூட்டர்லதான். எங்க சுழி போடன்னு தெரியாம முதல் கேள்விக் கட்டத்துல 'உ'ன்னு தட்டிட்டேன். அடுத்த கேள்வி வந்துட்டு. திரும்பிப் போக விடல."

அவர் நேரே மேற்பார்வையாளரிடம் போனார்.

"அது பிள்ளையார் சுழிய்யா, விடை இல்ல. போன வருசம் ஒரு மார்க்குல விட்டவ. அழிச்சிட்டு எழுத விடும்."

"கம்ப்யூட்டர்தான் திருத்தும் பெரியவரே. தப்புன்னுதான் போடும்."

"பிள்ளையாருக்கேவா? திருத்துறவனக் காட்டும், நான் பேசிக்கிடுதேன்."

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, மூலையில் விளக்கு மினுங்கிய கறுப்புப் பெட்டியைக் காட்டினார். சுடலைமுத்து அதன் பின்பக்கமும் போய்க் குனிந்து ஆளைத் தேடிப் பார்த்தார்.

"உள்ள எவனோ இருக்கான்" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்து நடந்தார்.