ஏழு கோட்டிங்குக்கு அடியில்

"மாப்ளே, சொன்னா கேளு. அந்தத் தடுப்பு மட்டும் வேணாம். வேற எதையாவது உரிச்சுக் காட்டு!"

மச்சான் காதைக் கடித்தார். வெல்டருக்கு எரிச்சலாக வந்தது.

பெயிண்ட் உரிக்கும் மெஷினுக்காக இரண்டு வருடம் தூக்கத்தைத் தொலைத்தவன் அவன். இன்று முதலாளியம்மா முன்னால் அது ஒழுங்காக ஓடினால் அவனுக்குத் தனி ஒர்க்‌ஷாப். சொதப்பினால் மெஷின் காயலான் கடைக்கு, அவன் பழைய வேலைக்கு. இத்தனை நாள் அவனுக்குத் துணையாக நின்ற ஒரே ஆள் மச்சான்தான். மனைவியின் அண்ணன், அதே ஃபேக்டரியில் பராமரிப்பு சூப்பர்வைசர். மெஷினின் உடம்புக்கான கெட்டி இரும்பைக்கூட எங்கிருந்தோ அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இன்று என்ன வந்தது? கடைசி நேரத்தில் பொறாமையா?

"ஜெனரேட்டர் முன்னாடி இருக்கிற இரும்புத் தடுப்புதான் சரி," என்றார் முதலாளியம்மா. "மாசா மாசம் சூப்பர்வைசர் அதுக்குத்தானே பெயிண்டை அப்புறாரு!"

"ஐயோ, ஷாக் அடிக்கும்மா! 'தொடாதே'ன்னு போர்டே மாட்டியிருக்கேன்," என்று குறுக்கே வந்தார் மச்சான்.

"ஜெனரேட்டர்தான் ஓடலையே. ஆரம்பிங்கப்பா."

மெஷின் உருண்டுபோய் தடுப்பின் முன் நின்றது. சிவப்பு லேசர் கோடு போட்டு, கோணல்மாணல் பார்த்து, தன்னைத்தானே நேராக்கிக்கொண்டது. பிரஷ் சுழலத் தொடங்கியது.

"இரும்பு தட்டுப்பட்டதும் தானா நின்னுடும்மா," என்றான் வெல்டர் பெருமையாக.

பச்சை உரிந்தது. நீலம் உரிந்தது. மஞ்சளும் போயிற்று. மெஷின் நிற்கிற வழியைக் காணோம்.

"எப்பப்பா நிக்கும்?"

"இதோ... இதோ நின்னுடும்மா." அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"போதும், ஆஃப் பண்ணு! மெஷின் புட்டுக்கிச்சு!" மச்சான் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். வெல்டர் குறுக்கே விழுந்து தடுத்தான்.

"ஏன் மச்சான் இவ்வளவு வயித்தெரிச்சல்? நான் முன்னுக்கு வந்தா உங்க தங்கச்சிதானே நல்லா இருப்பா?"

மச்சான் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவது கோட்டிங்கும் உதிர்ந்தது. அடியில் மரப் பலகை! அதில் தலைகீழாக ஏதோ அச்சடித்திருந்தது. முதலாளியம்மா கழுத்தை வளைத்துப் படித்தார்.

"கண்ணாடிப் பொருள்... கவனம்... இந்தப் பக்கம் மேலே."

வெல்டர் துள்ளிக் குதித்தான். "பார்சல் பெட்டிப் பலகைம்மா! இரும்பே இல்லைன்னா எங்கே போய் நிக்கும்? என் மெஷின் மேல தப்பே இல்லம்மா!"

"அது சரி," முதலாளியம்மா சூப்பர்வைசரிடம் திரும்பினார். "இங்கே இருந்த இரும்பு எங்கேய்யா?"

மச்சான் தலையிலிருந்து கையை எடுத்தார். "கெட்டி இரும்பு கிடைக்கலைன்னு மாப்ள சோறு தண்ணி இல்லாமக் கிடந்தாரும்மா... எனக்கு மனசு கேக்கல."

விரலை நீட்டினார். அந்த விரல் காட்டிய இடத்தில், எங்கேடா இரும்பு என்று இன்னமும் பலகையை விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் மெஷின்.