முறைத் தண்ணீர்

ரோடு இல்லாத அந்த மலையூரில் நோயாளியைக் கீழே இறக்க ஒரே ஒரு பிரம்பு நாற்காலிதான். பிரம்பு காய்ந்து முறியாமலிருக்க, மாதம் ஒரு வீடு முறைவைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இப்போது பிரசவ வலியோடு வெள்ளச்சி அதில் உட்கார்ந்திருந்தாள். ஒற்றை மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாக நான்கு பேர் தூக்கினார்கள். பாதி இறக்கத்தில் அவளுக்கு அடியில் ஓர் இழை படக்கென்று அறுந்தது.

“தண்ணியே காட்டாம எந்தச் சோம்பேறிடா காயப்போட்டது? இந்த மாசம் யாரு முறை?” பின்னாலிருந்து கொளந்தையன் கத்தினான்.

முன்னால் தோள் கொடுத்த அவள் புருஷன் மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவர்கள் வீட்டு முறைதான். இந்தக் கோடையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் சுமந்துவந்த குடம் உலைக்கே பற்றவில்லை.

இன்னோர் இழை அறுந்தது.

“இறக்குங்கண்ணா, நான் நடந்துடறேன்.”

“எங்கடி இறக்க?” என்றான் புருஷன்.

பாதை ஒரு பாதத்தின் அகலம்தான் இருந்தது.