எட்டின இடத்தில் சந்தனம்

அவன் கட்ட வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும்.

சனிக்கிழமைதோறும் சுமைக்கூலியில் நூற்று எண்பத்தைந்து பிடித்தார்கள். இன்று பத்தாவது சனி, கடைசிப் பிடித்தம்.

உடைந்தது தொப்பிக்காரர் படம். வியாபாரிகள் சங்க வாசகசாலையில், கூலி கொடுக்கும் மேசைக்கு மேலே தொங்குவது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய யாரோ இத்தாலிப் பண்டிதராம். அசலைப் பார்த்துத் தீட்டியதாம். கறுப்புத் தொப்பி, ரோமம் வைத்த அங்கி, கையில் மூடிய புத்தகம்.

சரஸ்வதி பூஜைக்கு அவருக்கும் சந்தனம் உண்டு. நெற்றி எட்டாது. எட்டின இடத்தில் அப்பிவிடுவார்கள்.

எட்டின இடம், கை.

பூஜைக்கு முன்னால் வெள்ளையடிக்க, ஏணியில் ஏறிப் படத்தை இறக்கினான். பல வருஷத்துச் சந்தனம் பொருக்காக உதிர்ந்தது.

உள்ளே ஒரு விரல்.

மூடிய புத்தகத்துக்குள் செருகிய விரல். விட்ட இடம் தொலையாமல் இருக்க.

இவ்வளவு படித்த மனுசனுக்குமா?

மிச்சத்தையும் துடைத்துப் பார்க்க ஒரு கையை எடுத்தான். ஏணியில் நிற்பது மறந்துபோனது.

ஏன் கையை விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை.

ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவன். வரிக்கு அடியில் விரல் வைத்தால்தான் படிக்க வரும். எடுத்தால் வரி ஓடிவிடும். கிடங்கில் அதற்கே ஒரு சிரிப்பு. அதனால் ஒன்பது சனியும் பிடித்தம் எழுதிய கூலிச் சீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

கைநாட்டுக் காலத்தில் இப்படித்தான், கட்டின கடனையே இன்னொரு தடவை கட்டினான்.

இன்றும் கணக்கர் தில்லைநாயகம் சீட்டை நீட்டினார். பின்னால் ஆறு பேர் கூலிக்கு நின்றார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். புதுக் கண்ணாடி. அதிலும் இந்த வருஷச் சந்தனம், அதே இடத்தில்.

அடியில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும்.

சீட்டை மேசையில் விரித்தான். முதல் எழுத்துக்கு அடியில் விரலை ஊன்றினான்.

“என்ன வே, சீட்டைத் தடவிக் குடுக்கீரா? தூங்கிரப் போவுது.”

பின்னால் நின்ற ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

விரல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. யாரோ செருமினார்கள்.

கடைசி வரியில் நின்றுவிட்டது.

“இன்னும் நூத்தி எண்பத்தஞ்சு பாக்கின்னு போட்டிருக்கு, ஐயா.”

கணக்கர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். கடைசி வரியை அடித்துவிட்டு, மேலே எழுதி, சீட்டைத் தள்ளினார்.

எழுதினது இரண்டே வார்த்தை. அதையும் அவன் விரல் வைத்தே படித்தான்.

பாக்கி இல்லை.

பிறகுதான் பேனாவை வாங்கினான்.