ஒன்பது கேள்விக்கு ஒரு பயிற்சி வகுப்பு

"எதிர்வீட்டு ஹர்ஷா வாங்கினது ஆறு. நீ பதினேழு. ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அப்புறம் எங்கேம்மா தப்பு நடக்கறது?"

சேலையூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், முப்பத்தோராண்டுகள் கணக்கு கற்பித்து ஓய்வுபெற்ற தோத்தாத்ரி தம் மகள் விஷ்ணுப்ரியாவைக் கேட்ட கேள்வி இது.

தேர்வு எதுவும் நடக்கவில்லை. மகளுக்கு மனச்சோர்வு, இரண்டு மாதமாகச் சிகிச்சை. பதினைந்து நாளுக்கொருமுறை டாக்டர் கிறிஸ்டினா ஒன்பது கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றைத் தருவார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் உண்டா என்று. தொல்லை எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண். குறையக் குறைய நல்லது.

மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்தபின் ஒரு தகப்பனால் சும்மா இருக்க முடியுமா?

எதிர்வீட்டுச் சத்யநாராயணனின் மகன் ஹர்ஷாவும் அதே வாரம் அதே டாக்டரிடம் சேர்ந்தவன்தான். அவனுக்கு முதல் மாதமே தூக்கம் வந்தது. இப்போது சிறுசேரி அலுவலகத்துக்குப் போகிறான். சத்யநாராயணன் இதை லிஃப்டில் மாடிக்கு ஒருமுறை அறிவித்தார். விஷ்ணுப்ரியாவுக்கோ பசி திரும்பியிருந்தது, தூக்கம் திரும்பவில்லை. மகள் இன்னொரு தோசை கேட்டாள் என்பதை லிஃப்டில் எப்படி அறிவிப்பது?

ஒரே மருந்தானாலும் ஒருவருக்கு முதலில் தூக்கம் வரும், ஒருவருக்கு அழுகை நிற்கும், வரிசை ஆளுக்கு ஆள் மாறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருந்தார். ஒரே மழையில் முருங்கை நான்கு நாளில் தளிர்க்கிறது; தென்னை யோசித்துக்கொண்டே நிற்கிறது. தென்னைக்கு யாரும் டியூஷன் வைப்பதில்லை.

தோத்தாத்ரி வைத்தார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வினாத்தாளைக் கேம்ப் ரோட்டில் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

"மூணாவது கேள்வி. தூக்கம்?"

"வரலைப்பா."

"வரலைன்னு எழுதினா மூணு மார்க் ஏறும். 'பிரச்சினை இல்லை'ன்னு டிக் பண்ணு. எழுதிட்டா தானா வரும்."

இவ்வளவு எளிய வைத்தியத்தை மருத்துவ உலகம் இதுவரை தவறவிட்டது வியப்புக்குரியது. மகள் வாதாடவில்லை. வாதாடும் தெம்பு அவளுடைய வரிசையில் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் விஷ்ணுப்ரியா வாங்கியது நான்கு. மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாணவியின் ஆசிரியர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ, அப்படி உட்கார்ந்திருந்தார் தோத்தாத்ரி.

டாக்டர் தாளை இருமுறை பார்த்தார். உண்மையிலேயே இவ்வளவு முன்னேற்றமென்றால் நாளை முதல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார்.

விஷ்ணுப்ரியா துப்பட்டாவின் நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினாள். மாத்திரை குறைந்தால், வந்திருக்கும் பசியும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. ஆனாலும் தனக்காகப் பேச அவளால் முடியவில்லை.

டாக்டர் இன்னொரு தாளை எடுத்துத் தோத்தாத்ரியின் முன் வைத்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒருமுறை கேட்டுவிடுவது தன் வழக்கம் என்றார்.

கணக்கு ஆசிரியர் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். சொல்லிக்கொடுத்தவருக்குத் தெரியாத விடையா? ஒரே நிமிடம், ஒன்பது கேள்விக்கும் 'பிரச்சினை இல்லை'. மொத்தம் பூஜ்யம். மகளையே முந்திவிட்டார்.

அவர் நீட்டிய தாளைப் பாதி வழியிலேயே மகள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு மாதத்தில் முதன்முறையாக, டாக்டர் கேட்காமலே பேசினாள்.

"ரெண்டு தாளுமே பொய், டாக்டர். எனக்கு இன்னும் தூக்கம் வரலை. அதனாலதான் தெரியும், அப்பாவும் தூங்கறதில்லை. தினமும் விடியற வரைக்கும் என் ரூம் வாசல்ல நாற்காலியைப் போட்டுண்டு உட்கார்ந்திருக்கார், நான் ஏதாவது பண்ணிண்டுடுவேனோன்னு. என் மாத்திரையைக் குறைக்காதீங்கோ. அவருக்கும் ஒரு டோக்கன் போடுங்கோ."